ஏரேஷன் டேங்க்கில் மூன்று மூட்டை மைதா

சாயப்பட்டறையின் கழிவுநீர் ஆலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் நாள் உங்களுக்கு பூட்ஸ் தருவார்கள், கையுறை தருவார்கள், எந்த சுவிட்ச் எந்த மோட்டாருக்கு என்று காட்டுவார்கள். காற்று அடிக்கிற ஏரேஷன் டேங்க் ஓரமாகக் கூட்டிப்போய், இதுதான் பயாலஜி, உள்ளே விழுந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்களை யாரும் அறிமுகம் செய்துவைக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை யார் என்றே தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வருகிற கதைதான். அந்த அறிமுக வேலையை நான் செய்கிறேன்.

என் படிப்பைக் கேட்பீர்கள். மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். கூட்டினால் ஆறு வருகிறது. முதலில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கண் மங்கி, பிசிறோடு சேர்த்துத் துணியையும் வெட்ட ஆரம்பித்ததும் மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஒரு நாள் மேனேஜர் வந்து, கழிவுநீர் டேங்க்குக்குச் சாணி கரைத்து ஊற்ற ஆள் வேண்டும் என்றார். இளவட்டங்கள் எல்லாம் செல்போனைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே ரசாயனம் சாணிதான். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பதினான்கு வருடம் இருந்தேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவள் என் கடைசி மகளைவிட இளையவள். நுண்ணுயிர்ப் படிப்பு படித்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கமிருந்து எங்கள் லேப்புக்கு வந்த பெண். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருவாள். பட்டறையில் எல்லோரும் என்னை ஆத்தா என்பார்கள். அவள் மட்டும் ஆச்சி என்பாள். நான் சாணி கரைக்கிற அழகைப் பத்து நாள் பார்த்திருந்துவிட்டு, பதினோராம் நாள் லேப்புக்குள் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஒத்தக் கண்ணால பாருங்க ஆச்சி. என்ன தெரியுது?"

முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. குட்டிக் குட்டி மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஆடின. ஒன்று சட்டென்று சுருங்கியது. நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன்.

"இதுக உசுரோட இருக்குதா கண்ணு?"

"இதுக உசிரோட இருக்கதாலதான் நம்ம வேலையும் உசிரோட இருக்கு."

அந்த மணிகள் பெரிய ஆட்களாம். அவற்றைவிடப் பொடிசாக, புள்ளி புள்ளியாக இருந்தவைதான் கூட்டத்தின் பெரும்பங்கு. சாயத் தண்ணீரோடு வருகிற கஞ்சி, எண்ணெய், சோப்பு என்று எல்லாவற்றையும் அந்தப் புள்ளிகள் தின்னும். தின்று, பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் உட்காரும். மேலே நிற்கிற தண்ணீர்தான் அடுத்த மெஷினுக்குப் போய், சுத்தமாகித் திரும்பவும் சாயத்துக்கு வரும். இந்தக் கூட்டம் செத்தால் அடுத்த மெஷின் அடைத்துக்கொள்ளும். அது அடைத்தால் பட்டறை நிற்கும். அவ்வளவுதான் பயாலஜி. மீதியெல்லாம் இங்கிலீஷ்.

இது ஏதோ ஆலைக்குள் மட்டும் நடக்கிற வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி ஆட்டிவைத்த இட்லி மாவு காலையில் பொங்குகிறதே, பொங்கவைத்தது உங்கள் மாமியாரின் கைராசி இல்லை, இவர்கள் சொந்தக்காரர்கள். பாலைத் தயிராக்குவதும் அவர்கள். மாடு தின்ற வைக்கோலைப் பாலாக ஆக்கித் தருவது மாட்டின் வயிற்றில் இருப்பவர்கள். உங்கள் வயிற்றிலும் ஒரு ஊரே இருக்கிறது. கண்ட மாத்திரையை வாங்கி முழுங்கினால் வயிறு கலங்குகிறதே, அந்த ஊர் அழுகிறது என்று அர்த்தம். முதல் மழையில் மண் மணக்கிறதே, அது இவர்கள் வீட்டு வாசம். நல்ல ஏரேஷன் டேங்க்கும் அப்படித்தான் மணக்கும்.

எல்லோரும் நல்லவர்கள் என்றும் சொல்லவில்லை. இத்தனை பெரிய குடும்பத்தில் நாலு போக்கிரி இல்லாமல் இருக்குமா? சாணிக் கையைச் சரியாகக் கழுவாமல் வடை தின்று மூன்று நாள் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. கையுறையைப் போடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டேங்க்குக்கு வெளியே அவர்களிடம் பயம் வேண்டும். டேங்க்குக்கு உள்ளே, அவர்களுக்கு நாம்தான் பயம்.

அது எனக்குத் தெரிய ஒரு ஆயுத பூஜை ஆனது.

ஆயுத பூஜை என்றால் திருப்பூரில் சும்மாவா? முந்தின நாள் பட்டறை முழுக்கக் கழுவல். மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரிப் பொட்டலம். எல்லோரும் அவரவர் மெஷினை மினுக்கும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா? என் மெஷின் அந்த டேங்க். சுவர் ஓரமெல்லாம் பாசி, வழவழப்பு, காய்ந்த நுரை. எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்டோரிலிருந்து பிளீச்சிங் பவுடர் மூட்டையை எடுத்துவந்து, சுவரெல்லாம் பூசி, தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, ஹோஸ் பிடித்து மொத்தத்தையும் உள்ளேயே கழுவிவிட்டேன். காற்று அடிக்கிற புளோயருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். டேங்க் வெளுத்துவிட்டது. ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த லேப் பெண்ணிடம் காட்டவில்லையே என்று வருத்தம் வேறு.

லீவு முடிந்து வந்தால் கேட் அருகிலேயே அழுகின முட்டை நாற்றம். நுரை சோப்பு நுரை மாதிரி வெள்ளை. அவள் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அரை மணி நேரத்தில் அடியில் பழுப்பாக மண்டி உட்கார வேண்டும், மேலே தெளிய வேண்டும். ஒன்றும் உட்காரவில்லை, குடுவை முழுக்க ஒரே கலங்கல். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒண்ணுகூட அசையல ஆச்சி."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவள் அடுத்துத் தேடப் போனது சாயத்தில் என்ன கோளாறு என்று. அங்கே தேட ஆரம்பித்தால் இரண்டு நாள் போகும். நோயாளி கிடக்க, தவறான வயிற்றைக் கிழிக்கிற டாக்டர் மாதிரி. அதனால் சொல்லிவிட்டேன்: பிளீச்சிங், அரை மூட்டைக்கு மேல், சுவருக்கு.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. ஓடிப்போய் உள்ளே வருகிற தண்ணீரை அடைத்தாள். முதலாளியிடம், டேங்க்கில் பிளீச்சிங் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். யார் கைவேலை என்று அவர் கேட்டார். யாருக்கும் தெரியாமல் நடந்தது என்றாள். அது ஒரு விதத்தில் உண்மைதான். எனக்கே தெரியாமல்தானே நடந்தது.

பிளீச்சிங்கின் வீரியம் போகும்வரை காற்று அடித்தோம். பிறகு, பக்கத்து ஆலையிலிருந்து சீடு கொண்டுவர வேண்டும் என்றாள். சீடு என்றால் என்ன என்று கேட்டேன். அவர்கள் டேங்க்கில் அடியில் உட்காருகிற மண்டி என்றாள். அட, உறை மோர் என்று சொல்லித் தொலைக்கலாமே. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு லாரியில் வந்து இறங்கியது அந்த உறை. எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி மோர்கூடத் தர மாட்டார்கள். அந்த ஆலைக்காரர் ஒரு லாரி தந்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

சாணி, வெல்லம், யூரியா, காற்று. கைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. டேங்க் தேறும்வரை சாயப்பட்டறை நின்றது. இருபத்திரண்டு நாள். என் வீதியில் குடியிருந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பட்டறையில்தான் வேலை. தினமும் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்பாள், "எப்ப ஆத்தா தொறப்பாங்க? உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" எனக்குத் தெரியும். ஏன் மூடினார்கள் என்பதும் தெரியும். குடத்தைப் பார்த்துக்கொண்டு, ஆயிரும் கண்ணு என்பேன். அந்த இருபத்திரண்டு நாளும் என் வாயிலிருந்து ஒரு கேலிப் பேச்சு வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு லேப் பெண் எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள். கேட்காமல் எதையும் போடக் கூடாது. யாராவது போடச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும். "முனிசிபாலிட்டி குடிதண்ணியில பிளீச்சிங் மருந்து கலந்து வருதுல்லா ஆச்சி, அதக்கூட ஒரு டேங்கர் மொத்தமா ஊத்திராதிய" என்றாள். இருபத்திரண்டு நாள் பட்டவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் தெரிவது வேறு, மேலே இருப்பவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது வேறு. அதில்தான் நான் சறுக்கினேன். நீங்களும் சறுக்கப் போவது அங்கேதான். அதனால் காதைக் கொடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள். லேப் பெண் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று பட்டறையே வெள்ளையடித்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் மேனேஜர் டேங்க் ஓரம் வந்து மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டார். பழுப்புத் தண்ணீர், மேலே ஓரமாகப் பழுப்பு நுரை. எனக்கு அது அழகு. அவருக்கு அது சாக்கடை.

"ஆத்தா, நாளைக்குப் பையர் வர்றாங்க. மூணு மூட்டை பிளீச்சிங் போட்டு இதைத் தெளிய வெச்சிருங்க."

"ஏனுங்க, போட்டா இதுக செத்துப்போயிருமுங்க."

"எதுக செத்துப்போயிரும்? சாக்கடையில இருக்கற பூச்சிதானே, சாகட்டும். சாணி கரைக்கறவங்க சாணி கரைக்கற வேலையைப் பாருங்க. படிச்சவன் நான் சொல்றேனில்ல."

அங்கே என் வாய் மூடிக்கொண்டது. ஊரையே கேலி பேசுகிற வாய். மூன்றாம் வகுப்பு வாத்தியார் முன்னால் நின்ற மாதிரி ஆகிவிட்டது. சரிங்க என்றேன்.

லேப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கொட்டுச் சத்தம்தான் கேட்டது. நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். அம்மனுக்குத்தான் ஏதாவது புரிந்திருக்கும்.

இல்லை என்று சொல்லத் தைரியமில்லை. போடவும் மனமில்லை. குழாயடியில் அந்தப் பெண் குடத்தோடு நிற்பது கண்ணில் வந்தது. அப்போது என் திருட்டுப் புத்தி வேலை செய்தது. பட்டறை மெஸ்ஸில் பரோட்டாவுக்கு மைதா வாங்கி அடுக்கியிருப்பார்கள். மெஸ்காரரிடம் கெஞ்சி மூன்று மூட்டை வாங்கி, பழைய பிளீச்சிங் சாக்கில் மாற்றினேன். மேனேஜர் நிற்கிற பக்கம் ஒரு வாளியில் நிஜ பிளீச்சிங்கை ஒரு கை கலக்கி வைத்தேன், வாசத்துக்கு. பிறகு அவர் கண்ணெதிரே மூன்று சாக்கையும் டேங்க்கில் கொட்டினேன். வெள்ளைப் பொடி பறந்தது. அவர் மூக்கைச் சுருக்கி, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் வீடு போகும்வரை சிரித்துக்கொண்டே போனேன். உள்ளே இருப்பவர்களுக்குச் சாவுக்குப் பதில் விருந்து வைத்த என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே திருஷ்டி சுற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

விருந்து வைத்தால் சும்மா இருப்பார்களா? காலையில் வந்து பார்த்தால் டேங்க் பொங்கல் பானை ஆகியிருந்தது. மூன்று மூட்டை மாவைத் தின்கிற ஆவேசத்தில் நுரை சுவரைத் தாண்டி, நடைபாதையில் வழிந்து, படியில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தோடு ஒரு பக்கம் தள்ள, அது இன்னொரு பக்கம் வந்தது. அந்த நேரத்தில் முதலாளி, மேனேஜர், அவர்களோடு தலையில் தொப்பி மாட்டிய வெளிநாட்டு அம்மா ஒருவர், மூன்று பேரும் வந்து நின்றார்கள். நுரை அந்த அம்மாவின் பூட்ஸை முகர்ந்து பார்த்தது.

அந்த அம்மா ஏதோ கேட்டார். மேனேஜருக்கு வியர்த்தது. இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தை புரிந்தது: பிளீச்சிங். மூன்று விரலைக் காட்டினார். அதாவது, நேற்று மூன்று மூட்டை பிளீச்சிங் போட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்கிறார். பெருமையாக.

அந்த அம்மாவின் முகம் மாறியது. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பிள்ளைகளே, அந்தப் பேனா ஓடின நேரம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விஷயம் தெரிந்த அம்மா அவர். தன் டேங்க்கைத் தானே கொல்கிற பட்டறை என்று அங்கே எழுதப்படுகிறது. அந்தக் கம்பெனி இனிமேல் நமக்கு ஆர்டர் தராது. போடாத பிளீச்சிங், என் மாவு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு, போட்ட பிளீச்சிங் செய்கிற வேலையைச் செய்யப் போகிறது. நேற்று வாயால் இல்லை என்று சொல்லியிருந்தால் என் வேலை மட்டும்தான் போயிருக்கும். நான் சாமர்த்தியம் பண்ணப்போய் இன்று எல்லோருடைய வேலையும் அந்த நோட்டில் நின்றது.

துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

"பிளீச்சிங் போடலீங்க" என்றேன் முதலாளியைப் பார்த்து. "இவரு போடச் சொன்னாருங்க. நான் போடலீங்க. மைதா போட்டனுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் வெள்ளைத் துணிக்கே சாயம் ஏறியிருக்கும். என் கண் முன்னாலதான் கொட்டினாங்க, ஆத்தாளுக்கு வயசாயிருச்சு, ஏதோ உளர்றாங்க என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நேற்று அதைக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இன்று நுரையில் முழங்கால்வரை நின்றதாலோ என்னவோ, வாய் திறந்துவிட்டது, மூட வரவில்லை. முதலாளிக்கு அவிநாசிப் பக்கம் தோட்டம், மாடு கன்று எல்லாம் உண்டு. அவரையே கேட்டேன்.

"ஏனுங்க சாமி, ஊட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, தொழுவம் நாறுதுன்னு பால் கறக்கற மாட்டைக் கொன்னு போடுவீங்களா? இங்க இருக்கறதும் மாடுதானுங்க. கண்ணுக்குத் தெரியாத மாடு. போன தடவ இதுகளைக் கொன்னது நான்தானுங்க. ஆயுத பூஜைக்குக் கழுவறேன்னு பிளீச்சிங்கைத் தேச்சு, இருபத்திரண்டு நாள் பட்டறையை மூட வெச்சதும் நான்தான். இன்னொருக்கா கொல்ல மாட்டேன். வேலைய விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அந்தம்மா எழுதறது தப்புன்னு சொல்லிப்போட்டு அனுப்புங்க."

முதலாளி அந்த அம்மாவிடம் மெதுவாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். பேனா நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்து, கையால் ஒரு குடுவை உயரம் காட்டினார். எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. லேப்புக்குப் போய்க் கண்ணாடிக் குடுவையை எடுத்துவந்து, டேங்க் தண்ணீரை மொண்டு, சமதளத்தில் வைத்தேன்.

அரை மணி நேரம். அந்த அம்மா கவிழ்த்துப் போட்ட சாணி வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் நின்றார். முதலாளி நின்றார். நான் அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. குடுவைக்குள் இருந்தவர்களைத்தான் வேண்டிக்கொண்டேன். தின்றது போதும், உட்காருங்கள் சாமி, மானத்தை வாங்காதீர்கள் என்று.

வயிறு நிரம்பின கூட்டம் லேசில் உட்காருமா? பஞ்சு மாதிரி பொதபொதவென்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. ஆனால் இறங்கியது. மேலே இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் தெளிந்தது. அந்த அம்மா குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். நோட்டில் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். போகும்போது என்னிடம் ஏதோ சொன்னார். மாவு போட்டதும் தப்புதான் என்கிறார் என்று முதலாளி சொன்னார். சொல்லும்போது அவர் மீசை ஆடியது.

கொடை முடிந்து வந்த லேப் பெண் நடந்ததைக் கேட்டு என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். முதல் ஆயுத பூஜைக்குத் திட்டாதவள் இதற்குத் திட்டினாள்.

"போட மாட்டேன்னு சொல்லுததுக்கு ஒரு வார்த்த போதும் ஆச்சி. அதுக்கு எதுக்கு மூணு மூட்ட மாவு?"

எனக்கு வேலையில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். அதையே உங்களுக்குத் தருகிறேன். மறுப்பதானால் வாயால் மறுங்கள். சாக்கை மாற்றி மறுக்காதீர்கள். நீங்கள் ஒளித்துவைத்த அந்த 'இல்லை', மறுநாள் காலை நுரைத்துக்கொண்டு படியிறங்கி வரும். உள்ளே இருப்பவர்களுக்கு வாய் உண்டு, தின்பதற்கு மட்டும். பேச ஆள் நாம்தான். அதைப் பேசுவதற்கு ஆறாம் வகுப்புகூட வேண்டாம், மூன்றே போதும். அதுவும் ஒரு தடவை படித்தால் போதும்.

வேலை போகவில்லை. மேனேஜர் ஒரு மெமோ மட்டும் கொடுத்தார், கேட்காமல் டேங்க்கில் மைதா போட்டதற்கு. ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. சுத்தம் என்றால் வெள்ளை என்று நினைத்தவர். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷின் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் டேங்க்குக்கு வெளிப்பக்கம் மட்டும் சந்தனம் வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"ஆத்தா, இதை ஊத்தி ஓரத்துப் பாசியைக் கழுவிக்கலாமுங்களா?"

"என்னங்க அது?"

"வெறும் தண்ணிதானுங்க ஆத்தா."

"எந்தத் தண்ணிங்க? முனிசிபாலிட்டித் தண்ணிங்களா?"

வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் குழாயில் பிடித்தது என்று விசாரித்து வரப் போனார்.